இலக்கியம் பெயர் சூட்டிய இசைக்குழுக்கள்



ராக், பாப் இசைக்குழுக்கள் இலக்கியத்திலிருந்து எடுத்துக்கொண்ட பெயர்களைப் பற்றியது இந்த உரை. ராக் இசை என்றாலே காதைப் பிளக்கும் ஓசை, அதற்கும் படிப்புக்கும் வெகுதூரம் என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. அவர்கள் அந்தக் குழுக்களின் பெயர்களை வரிசையாக ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். வில்லியம் ப்ளேக் வருகிறார். சார்லஸ் டிக்கன்ஸ் வருகிறார். ஹெர்மன் ஹெஸ்ஸே, வர்ஜீனியா உல்ஃப், ஆல்பர்ட் காம்யு என்று அணிவகுத்து வருகிறார்கள். இவர்களை மேடைக்கு அழைத்துவந்தது யார்? எங்கே கண்டெடுத்தார்கள்? இவற்றுக்கு மேல் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. உரை முடியும்வரை அது கூடவே வரட்டும்: இந்தக் குழுக்களின் இளைஞர்கள் பெயரை மட்டும் எடுத்தார்களா, நூலையும் எடுத்தார்களா?

முதலில் லண்டனுக்குப் போவோம். 1790ஆம் ஆண்டையொட்டிய காலம். வில்லியம் ப்ளேக் என்ற செதுக்கு ஓவியர் செப்புத் தகட்டில் தம் கையாலேயே எழுத்தையும் படத்தையும் பொறித்து, தம் வீட்டு அச்சுப்பொறியில் ஒவ்வொரு தாளாக எடுக்கிறார். மனைவி கேத்தரின் உடனிருந்து உதவுகிறார். அப்படி உருவான ‘சொர்க்கமும் நரகமும் செய்துகொண்ட திருமணம்’ என்னும் நூலில், மனிதனின் புலன்களை வாசல்களாக உருவகிக்கும் ஓர் இடம் வருகிறது. அந்த நூலுக்கு எத்தனை வாசகர்கள் இருந்திருப்பார்கள்? உருவான படிகளே மிகச் சில. 1827இல் ப்ளேக் இறந்தபோது, பெயர் பொறித்த கல்கூட இல்லாத குழியில் அடக்கம் செய்தார்கள்.

அந்த நூல் உருவாகி ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழிகிறது. 1953 மே மாதம், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில், ஆல்டஸ் ஹக்ஸ்லி என்ற ஆங்கில எழுத்தாளர் ஒரு மருத்துவரின் மேற்பார்வையில் மெஸ்கலின் என்னும் மருந்தை உட்கொண்டு, தம் பார்வையும் மனமும் என்னவாகின்றன என்று கவனிக்கிறார். அந்த அனுபவத்தை அடுத்த ஆண்டே நூலாக்குகிறார். அதற்குத் தலைப்பு தேடியவர் போய் நின்ற இடம், ப்ளேக்கின் அந்த வாசல். ‘தி டோர்ஸ் ஆஃப் பெர்செப்ஷன்’ என்று நூலுக்குப் பெயர் வைத்தார்.

இன்னும் பதினோரு ஆண்டுகள். அதே லாஸ் ஏஞ்சலிஸ். 1965 கோடையில் வெனிஸ் கடற்கரையில் இரண்டு இளைஞர்கள் சந்திக்கிறார்கள். இருவரும் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை பயின்றவர்கள். ஒருவர் ரே மான்சரெக். மற்றவர் ஜிம் மாரிசன். மாரிசன் தாம் எழுதிய பாடல்களைக் கடற்கரை மணலில் உட்கார்ந்து பாடிக்காட்டுகிறார். குழு தொடங்குவதென்று அங்கேயே முடிவாகிறது. பெயர்? ஹக்ஸ்லி நூலின் தலைப்பில் பாதியை வெட்டிவிட்டு, ‘தி டோர்ஸ்’. 1967இல் அமெரிக்காவெங்கும் வானொலிகளில் அந்தப் பெயர் ஒலித்தது. கல்லறைக் கல் இல்லாத கவிஞனின் வாசல் அப்படித் திறந்துகொண்டது.

இங்கே நம் கேள்வியைக் கேட்போம். மாரிசன் பெயரை மட்டும் எடுத்தாரா, நூலையும் எடுத்தாரா? அவர் ஆழ்ந்த வாசகர். ப்ளேக்கையும் பிரெஞ்சுக் கவி ரேம்போவையும் நெஞ்சில் சுமந்தவர். புகழின் உச்சியில் இருந்த 1969இல், தம் கவிதைகளைச் சொந்தச் செலவில் சிறு பதிப்பாக அச்சிட்டார். லட்சக்கணக்கானோர் அறிந்த ‘ஜிம்’ என்ற பெயரை விட்டுவிட்டு, ஜேம்ஸ் டக்ளஸ் மாரிசன் என்ற முழுப்பெயரை அதில் போட்டுக்கொண்டார். ப்ளேக் வீட்டு அச்சுப்பொறியில் செய்த அதே வேலை! 1971 ஜூலையில், 27 வயதில், பாரிஸ் நகரத்தில் இறந்தார். நூலை எடுத்தவர் என்று அவரைத் தயங்காமல் சொல்லலாம்.

ஹக்ஸ்லியிடமிருந்து பெயர் பெற்ற குழு இன்னொன்றும் உண்டு. மில்டன் 1671இல் வெளியிட்ட நாடகக் காவியத்தில், கண்ணிழந்து காசா நகரத்தில் சிறைப்பட்டுக் கிடக்கும் சாம்சனின் புலம்பலிலிருந்து ஒரு தொடரை எடுத்து, ஹக்ஸ்லி 1936இல் தம் நாவலுக்கு ‘ஐலெஸ் இன் காசா’ என்று தலைப்பிட்டார். 1980இல் இங்கிலாந்தின் நனீட்டன் நகரத்து இரண்டு இளைஞர்கள் அதையே தங்கள் குழுவின் பெயராக்கிக்கொண்டார்கள். நாவலாசிரியை ஜார்ஜ் எலியட் பிறந்த மண் அது. இரண்டு முறையும் கடன் வாங்கிய நூலிலிருந்தே கடன் வாங்கியிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கவிஞரிடமிருந்து நாவலாசிரியருக்கு, அவரிடமிருந்து பாடகருக்கு. இலக்கியத்தில் இது புதிய வழக்கமே இல்லை. ராக் இசைக்காரர்கள் பழைய வரிசையில் கடைசியாக வந்து நின்றவர்கள், அவ்வளவுதான்.

அடுத்து ஜெர்மனி. ஹெர்மன் ஹெஸ்ஸே 1927இல் ‘டெர் ஸ்டெப்பன்வோல்ஃப்’ நாவலை வெளியிட்டார். ஐம்பதை நெருங்கும் ஹாரி ஹாலர் என்ற அறிஞர், தமக்குள் ஒரு மனிதனும் ஒரு புல்வெளி ஓநாயும் இருந்து ஒன்றையொன்று கடித்துக் குதறுவதாக உணர்கிறார். அவருக்கு மோட்சார்ட் தெய்வம். கிராமஃபோனும் ஜாஸும் தெருக் கூச்சல். அந்த மனிதரை ஹெர்மினே என்ற பெண் நடனக்கூடத்துக்கு இழுத்துப்போய் ஆடக் கற்றுக்கொடுக்கிறாள். பாப்லோ என்ற சாக்ஸஃபோன் கலைஞன், இசையைப் பற்றிப் பேசுவதில் என்ன இருக்கிறது, வாசிப்பதல்லவா காரியம் என்று அவருக்கு உணர்த்துகிறான். செவ்வியல் இசையின் பக்தர் ஒருவர் தெருவின் இசைக்கு மெல்ல மெல்லச் செவிசாய்க்கும் கதை அது. அதன் பெயரை ஒரு ராக் குழு எடுத்துக்கொண்டது எவ்வளவு பொருத்தம்!

1967இல் லாஸ் ஏஞ்சலிஸில் அந்தப் பெயரைச் சொன்னவர் தயாரிப்பாளர் கேப்ரியல் மெக்லர். குழுவின் பாடகர் ஜான் கே. அது கனடாவில் வைத்துக்கொண்ட பெயர். பிறந்தபோது வைத்த பெயர் யோவாகிம் கிரவுலெடாட். 1944இல், போரின் நடுவே, ஜெர்மனியின் கிழக்குக் கோடியில் பிறந்தவர். மகன் முகத்தைப் பார்க்குமுன்பே தந்தை போரில் இறந்துவிட்டார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் ஓடினார். பிறகு கிழக்கு ஜெர்மனியிலிருந்து எல்லை தாண்டி மறுபடியும் ஓடினார். அந்தப் பிள்ளைக்குப் பார்வைக் குறைபாடு வேறு. அத்தகைய ஒருவர் வளர்ந்து, கடல் கடந்து, தம் தாய்மொழி நாவலின் பெயரில் குழு அமைத்துப் பாடுகிறார். 1968இல் வெளியான ‘பார்ன் டு பி வைல்ட்’ என்ற அவர்களுடைய பாட்டு, மறு ஆண்டு ‘ஈஸி ரைடர்’ திரைப்படத்தின் வழியாக உலகைச் சுற்றியது. ஹெஸ்ஸே 1962இலேயே காலமாகிவிட்டார். தம் ஓநாய் மோட்டார் சைக்கிளில் ஏறியதை அவர் அறியமாட்டார்.

ஹெஸ்ஸேயை நாம் அயலவராக நினைக்க வேண்டியதில்லை. அவருடைய தாய் மேரி பிறந்தது 1842இல் தலச்சேரியில். தாய்வழிப் பாட்டனார் ஹெர்மன் குண்டர்ட், 1836இல் சென்னைக்கு வந்து, தமிழும் கற்று, பின்பு மலையாளத்துக்குப் பேரகராதி தந்தவர். ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’வை நம் திருலோக சீதாராம் தமிழாக்கியிருக்கிறார். படிக்காதவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

இனி, பெயரை மட்டும் எடுத்த ஒரு குழுவைப் பார்ப்போமா? 1969 டிசம்பர், லண்டன். டிக்கன்ஸ் மறைந்த நூறாவது ஆண்டு நெருங்குகிறது. பத்திரிகையைத் திறந்தால் டிக்கன்ஸ், கடைவீதிக்குப் போனால் டிக்கன்ஸ். ‘ஸ்பைஸ்’ என்ற குழு அந்த நேரத்தில் புதுப்பெயர் தேடிக்கொண்டிருந்தது. ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டது: யூரையா ஹீப். கதாநாயகன் பெயரா? இல்லை. கையைப் பிசைந்துகொண்டு, தான் எளியவன், மிகமிக எளியவன் என்று நெளிந்தபடியே முதலாளியின் சொத்தை விழுங்கும் வஞ்சகன் பெயர். அடுத்த ஆண்டு வந்த முதல் இசைத்தட்டின் தலைப்பிலும் அந்தப் பொய்ப்பணிவுப் பேச்சைக் கொச்சை உச்சரிப்போடு அப்படியே வைத்தார்கள். அவர்களுடைய இசையில் டிக்கன்ஸின் லண்டன் எங்கும் இல்லை. நாட்காட்டி பார்த்து வைத்த பெயர் அது. ஆனாலும், டிக்கன்ஸைத் தொட்டே பார்க்காத எத்தனையோ பேர் அந்த வஞ்சகனின் பெயரை உரக்கச் சொல்லிக் கொண்டாடும்படி செய்துவிட்டார்களே, அதற்காக அவர்களைப் பாராட்டலாம்.

டபிள்யூ. எச். டேவிஸின் கதை வேறு மாதிரி. வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட்டில் 1871இல் பிறந்தவர். அமெரிக்கா போய், சரக்கு ரயில்களில் திருட்டுப் பயணம் செய்து, கையேந்தித் தின்று, சிறைக்கும் போய் வந்த நாடோடி. 1899இல் தங்கம் கிடைக்கிறதென்று கேள்விப்பட்டுக் கனடாவின் வடக்கே கிளம்பினார். ஒண்டேரியோவில் ஓடும் ரயிலில் ஏறத் தாவியபோது தவறி, ஒரு காலை இழந்தார். மரக்காலோடு லண்டன் திரும்பி, ஏழைகள் தங்கும் விடுதிகளில் கிடந்தபடி கவிதை எழுதினார். 1905இல் தம் செலவிலேயே நூலை அச்சிட்டு, முன்பின் அறியாத செல்வந்தர்களுக்குத் தபாலில் அனுப்பினார். பிடித்திருந்தால் விலையை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார். எப்பேர்ப்பட்ட துணிச்சல்! படி ஒன்று பெர்னார்ட் ஷாவின் கைக்குப் போனது. 1908இல் ஷாவின் முன்னுரையோடு ‘தி ஆட்டோபயாகிராஃபி ஆஃப் எ சூப்பர் ட்ராம்ப்’ என்னும் டேவிஸின் தன்வரலாறு வெளிவந்தது.

1970இல் ‘டாடி’ என்ற பெயரில் இயங்கிவந்த ஓர் ஆங்கிலக் குழு, அந்தத் தலைப்பின் கடைசிச் சொல்லை எடுத்துக்கொண்டு ‘சூப்பர்ட்ராம்ப்’ ஆனது. 1979இல் அவர்களுடைய ‘பிரேக்ஃபாஸ்ட் இன் அமெரிக்கா’ இசைத்தட்டு உலகெங்கும் விற்றுத் தீர்ந்தது. ஒற்றைக்காலோடு தபால் நிலையத்துக்கு நடந்த மனிதரின் பெயர் விளையாட்டரங்கங்களில் ஒளிர்ந்தது. அந்த ஒளியில் டேவிஸை எத்தனை பேர் தேடிப் போனார்கள்? நூலை எடுத்துப் பார்க்கும் எவரும் கீழே வைக்கமாட்டார்கள். அவ்வளவு தெளிந்த உரைநடை அது.

இந்தப் பெயர்களில் பல, பெரும்புகழ் நூல்களிலிருந்து வரவில்லை என்பது இன்னொரு வியப்பு. 1917இல் லெனார்ட் உல்ஃபும் வர்ஜீனியா உல்ஃபும் ஒரு சிறிய கை அச்சுப்பொறியை வாங்கி வந்து, ரிச்மண்டில் தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார்கள். எழுத்துக்கோத்து, மைதடவி, முதல் நூலை அச்சிட்டார்கள். ஆளுக்கொரு கதை. மொத்தம் 150 படிகள். வர்ஜீனியா எழுதிய ‘சுவரில் ஒரு தடம்’ என்ற கதையில் அடக்கமான, எலி நிறத்து மனிதர்களைப் பற்றி ஒரு சொற்றொடர் வருகிறது. போகிறபோக்கில் வருவது. 1990களில் வாஷிங்டன் மாநிலத்தின் இஸக்வா என்ற சிற்றூரில் ஐசக் பிராக் என்ற பதின்வயதுப் பையன் அந்த இடத்தில் நின்றான். அவன் தொடங்கிய குழுவின் பெயர் ‘மாடஸ்ட் மவுஸ்’. ஒரு தலைப்பு கண்ணில் படுவது எளிது. கதையின் நடுவே புதைந்திருக்கும் இரண்டு சொற்கள் படித்தவனுக்கு மட்டுமே கிடைக்கும்! நம் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை.

பெயரை முறையாகக் கேட்டு வாங்கியவர்களும் உண்டு. 1966இல் கேன்டர்பரியில் தோன்றிய ‘சாஃப்ட் மெஷின்’ குழுவின் டேவிட் ஆலன், அந்தத் தலைப்பில் நாவல் எழுதிய வில்லியம் பரோஸிடம் இசைவு கேட்டுப் பெற்றார். டோல்கியனின் ‘சில்மரிலியன்’ நூற்பெயரை அப்படியே சூடிக்கொண்ட இன்னொரு ஆங்கிலக் குழு, வழக்கு வருமோ என்று அஞ்சித் தலையை வெட்டி ‘மாரிலியன்’ ஆனது.

ஆன்டனி பர்ஜஸ் 1962இல் எழுதிய ‘எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்’ நாவலில் ஓர் இசைத்தட்டுக் கடை வருகிறது. எதிர்காலத்து இளைஞர்கள் கேட்கப்போகும் குழுக்களுக்குப் பர்ஜஸ் கற்பனையில் பெயர் வைத்தார். அவற்றில் ஒன்று ‘ஹெவன் செவன்டீன்’. அந்த எதிர்காலம் வந்தது. 1980இல் எஃகு நகரமான ஷெஃபீல்டில் ‘தி ஹியூமன் லீக்’ குழுவிலிருந்து பிரிந்துவந்த இருவர், நண்பர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, கற்பனைக் குழுவை உண்மைக் குழுவாக்கினார்கள். 1990களில் அதே ஷெஃபீல்டில் இன்னொரு குழு, நாவலின் போக்கிரிகள் பால்கூடத்தில் குடிக்கும் பாலின் பெயரான ‘மொலோகோ’வை எடுத்தது. ஒரே நாவலுக்கு ஒரே ஊரில் இரண்டு குழுக்கள்!

நண்பர்களே, இதுவரை மகிழ்ச்சியோடு வந்தோம். இனி வருவதை நிதானித்துத்தான் பேச வேண்டும்.

1970களின் மான்செஸ்டர். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த தொழில் நகரம். அங்கே பங்க் அலையில் எழுந்த இரண்டு குழுக்கள் நூலிலிருந்து பெயர் எடுத்தன. ஒன்று மார்க் ஈ. ஸ்மித்தின் ‘தி ஃபால்’. துறைமுகத்தில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே தீராப் பசியோடு வாசித்தவர் அவர். ஆல்பர்ட் காம்யுவின் 1956ஆம் ஆண்டு நாவல் அந்தப் பெயரைத் தந்தது. மதுக்கடையில் அகப்பட்ட ஒருவரிடம், நீதிபதியாகவும் குற்றவாளியாகவும் தானே நின்று, ஓயாமல் பேசித்தீர்க்கும் ஒரு மனிதனின் தனிமொழி அந்த நாவல். ஸ்மித் நாற்பது ஆண்டுகள் மேடையில் செய்தது என்ன? அதே ஓயாத பேச்சு, எல்லோர்மீதும் தீர்ப்பு, தன்மீதும் தீர்ப்பு. அறுபதுக்கும் மேற்பட்டோர் குழுவில் வந்தார்கள், போனார்கள். 2018இல் சாகும்வரை அவர் நிறுத்தவில்லை.

மற்றது ‘ஜாய் டிவிஷன்’. இந்தப் பெயர் வந்த இடம் ‘ஹவுஸ் ஆஃப் டால்ஸ்’ என்ற நாவல். எழுதியவர் யெஹியேல் டெ-நூர், ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் உயிர்தப்பிய யூதர். முகாமில் தமக்கு இடப்பட்ட 135633 என்ற எண்ணையே புனைபெயரோடு சேர்த்து எழுதியவர். நாஜி முகாம்களில் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களின் பிரிவுக்கு அந்த நாவல் சொல்லும் பெயர்தான் ‘ஜாய் டிவிஷன்’. 1961இல் ஜெருசலேமில் நாஜி அதிகாரி ஐக்மன் மீதான வழக்கில் சாட்சி சொல்ல வந்த டெ-நூர், பேசிக்கொண்டிருக்கும்போதே கூண்டில் மயங்கி விழுந்தார். அவர் வாழ்வின் பாரம் அவ்வளவு.

அந்தப் பெயரை 1978இல் இருபதைத் தாண்டிய நான்கு இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். கண்டனங்கள் எழுந்தன, நியாயமாகவே எழுந்தன. அவர்களுடைய இசை மகத்தானது. இருளையும் தனிமையையும் அப்படிப் பாடியவர்கள் குறைவு. பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே மாதம், 23 வயதில், தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய துயரம் உண்மையானது. இத்தனையும் சொன்ன பிறகும் கேட்க வேண்டியிருக்கிறது: அந்தப் பெண்களின் வேதனை அந்த இளைஞர்களுக்கு எப்படிச் சொந்தமாகும்? எல்லா நூலையும் வாசிக்கலாம். எல்லா நூலின் பெயரையும் சட்டையில் அச்சடித்து விற்கலாமா? விற்கக்கூடாது என்பதே இந்தப் பேச்சாளரின் உறுதியான கருத்து. இசையின் மேன்மை அந்தப் பெயருக்குச் சமாதானம் ஆகாது.

சரி, இந்த இளைஞர்களின் கையில் நூல்கள் எப்படிக் கிடைத்தன? பல்கலைக்கழக வகுப்பில் என்று நினைத்தால் பெரும்பாலும் தவறு. இசைத் தயாரிப்பாளர் கை ஸ்டீவன்ஸ், வில்லார்ட் மானஸின் நாவலைச் சிறைக்குள் படித்தார். வெளியே வந்து அதன் தலைப்பை ஒரு குழுவுக்குச் சூட்டினார். அதுதான் ‘மாட் தி ஹூப்பிள்’. நியூயார்க் தெருவில் டோனி கான்ராட் என்ற இசைக்கலைஞர் கண்டெடுத்த மலிவுப் பதிப்பொன்றின் அட்டையிலிருந்து வந்தது ‘தி வெல்வெட் அண்டர்கிரவுண்ட்’. நூல் இலக்கியமல்ல என்றாலும், அந்தக் குழுவின் லூ ரீட், கவிஞர் டெல்மோர் ஷ்வார்ட்ஸின் மாணவர். முதல் இசைத்தட்டில் ஒரு பாட்டை ஆசிரியருக்குக் காணிக்கையாக்கியவர். பாடகர் பில்லி ஐடல் தம் தாய் வைத்திருந்த நூல் ஒன்றிலிருந்து தம் குழுவுக்கு ‘ஜெனரேஷன் எக்ஸ்’ என்ற பெயரை எடுத்தார். நியூ ஜெர்சியில் புத்தகக் கடை ஊழியராக இருந்த மைக்கி வே, அலமாரியில் இர்வின் வெல்ஷின் நூலைப் பார்த்ததால் ‘மை கெமிக்கல் ரொமான்ஸ்’ என்ற குழுப்பெயர் பிறந்தது. சிறை, தெரு, தாயின் புத்தக அடுக்கு, கடை. புத்தகம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் போதும், எடுக்க ஓர் இளைஞன் வருவான்.

நம் ஊருக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர், 1845இல் பிறந்து 1914இல் மறைந்தவர். சித்த மருத்துவர், ஆராய்ச்சியாளர். 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழைத் தொடங்கியவர். ஒடுக்கப்பட்ட மக்களைச் சாதியற்ற தமிழர்கள், சாதியற்ற திராவிடர்கள் என்றே அழைக்க வேண்டும் என்று வாதிட்டவர். பல பத்தாண்டுகள் அவர் எழுத்து பொதுவாசகர் கண்ணில் படாமலே கிடந்தது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு குழு மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் திரட்டிய கலைஞர்கள் அவர்கள். கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். பெயர் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. பண்டிதரின் அந்தத் தொடரிலிருந்து பிறந்த பெயர்.

பெயரை மட்டும் எடுத்தார்களா, நூலையும் எடுத்தார்களா? அவர்கள் பாடியது இட ஒதுக்கீட்டைப் பற்றி, ஆணவக் கொலையைப் பற்றி, மலக்குழியில் இறங்கும் மனிதரைப் பற்றி. பண்டிதர் இன்றிருந்தால் எதை எழுதுவாரோ அதைத்தான் பாடினார்கள். ப்ளேக்கிலிருந்து மாரிசன் வரை பேசினோமே, அந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்கது இந்தப் பெயர்சூட்டல்.

அயோத்திதாசரின் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் திரட்டித் தொகுத்தார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999 முதல் அவற்றை வெளியிட்டது. நூலகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அந்தத் தொகுதிகளைப் பூட்டிய கண்ணாடி அலமாரியில் வைக்காதீர்கள். பிள்ளைகள் கைநீட்டி எடுக்கும் தட்டில் வையுங்கள். கித்தார் ஏந்தும் இளைஞர்களுக்கும் ஒன்று: அடுத்த குழுவுக்குப் பெயர் தேடும்போது நூலகத்துக்கு வாருங்கள், பெயர் கிடைத்ததும் போய்விடாமல் அந்த நூலைக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு மேடை ஏறுங்கள்.